மகளுக்கு ஒரு தங்குமிடம்: தெரிவு செய்வது எப்படி?

உயர்தரப் பெறுபேறுகள் வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகளும் வெளியான பிறகு, ஒவ்வோர் ஆண்டும் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஓர் உம்மா வருவார். முகத்தில் மகிழ்ச்சி பாதி, கலக்கம் பாதி. "கெம்பஸ் கிடைச்சிருக்கு டீச்சர். ஆனா புள்ள எங்க தங்கும்?" என்று கேட்பார். புள்ளிகள் போதாமல் படிப்பை இழந்த மாணவிகளை அறிவேன். புள்ளிகள் இருந்தும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்காமல் வீட்டிலேயே நின்றுவிட்டவர்களையும் அறிவேன். எனவே இம்முறை அந்தக் கேள்வியையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்வோம். மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்திருந்து வாசித்தால் நல்லது.

முதலில் ஒரு சிறு வரலாறு. ஜேர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்றொரு பாடசாலை ஆசிரியர் இருந்தார். 1909 ஓகஸ்ட் மாதத்தில் தன் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்றபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டன. ஒரு கிராமப் பாடசாலையில் ஒதுங்கினார்கள். பிள்ளைகள் வைக்கோலில் படுத்துறங்க, அவர் மட்டும் விழித்திருந்து யோசித்தார். விடுமுறையில் மூடிக்கிடக்கும் பாடசாலைகளில் பயணம் போகும் இளைஞர்கள் தங்கினால் என்ன என்பதே அந்த யோசனை. 1912 இல் அல்டேனா என்ற ஊரின் பழைய கோட்டையில் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி தொடங்கியது. 1932 இல் பல நாட்டு விடுதிச் சங்கங்கள் சேர்ந்து சர்வதேசச் சம்மேளனம் அமைத்தன. இன்று உலகெங்கும் 'ஹொஸ்டல்' என்று சொல்லப்படும் இளைஞர் தங்குமிடங்களுக்கு வழி திறந்தது இப்படித்தான். வீட்டை விட்டு வெளியே வரும் பிள்ளைக்குக் கூரை வேண்டும் என்ற ஓர் ஆசிரியரின் அக்கறையிலிருந்து பிறந்த விடயம் இது. நம் உம்மாமாரின் கேள்வியும் அதே அக்கறைதான்.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் முதன்முறையாகத் தனியே வெளியூர் செல்லும் மாணவிக்குப் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன: கல்வி நிறுவனத்தின் சொந்த விடுதி, பெண்களுக்கான தனியார் விடுதி, ஒரு குடும்பத்தின் வீட்டில் போடிங், உறவினர் வீடு. நிறுவனத்தின் விடுதி கிடைக்குமானால் அதையே முதலில் நோக்குங்கள். பொறுப்பாளர் இருப்பார், ஒழுங்குவிதி இருக்கும், முறைப்பாடு செய்ய ஓர் இடமும் இருக்கும். உறவினர் வீடு செலவற்றது போலத் தோன்றினாலும், அங்கே படிக்க மேசையும் அமைதியும் கிடைக்குமா, எத்தனை மாதம் தங்கலாம் என்பவற்றை வெட்கப்படாமல் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தூரம். தூரத்தைக் கிலோமீற்றரில் அளக்காதீர்கள். மஃரிபைக் கொண்டு அளவுங்கள். கொழும்பில் ஆண்டு முழுவதும் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 5.50 க்கும் 6.30 க்கும் இடையில். வகுப்பு 5 மணிக்கு முடிந்து, பஸ்ஸுக்குக் காத்திருக்க 20 நிமிடம், பஸ்ஸில் 45 நிமிடம், இறங்கி ஒழுங்கையில் நடக்க 15 நிமிடம் என்றால், மகள் வாசலுக்கு வரும்போது மணி 6.20. நவம்பர் மாதத்தில் அது இருட்டு. அந்த ஒழுங்கையில் வெளிச்சம் உண்டா, கடையோ வீடுகளோ உண்டா, வெறும் மதில்கள் மட்டுமா என்பது அப்போதுதான் முக்கியமாகிறது.

பணக் கணக்கும் இதோடு சேர்ந்ததே. உதாரணமாக, தூரத்திலுள்ள அறைக்கு மாதம் 12,000 ரூபா, பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 160 ரூபா என்று வைப்போம். 22 நாட்களுக்கு 3,520 ரூபா. மொத்தம் 15,520. நடந்து போகும் தூரத்தில் 15,000 ரூபாவுக்கு அறை இருந்தால், மலிவானது எது? பலர் வாடகையை மட்டும் பார்த்து ஏமாறுவது இங்கேதான்.

மூன்றாவது, நேரில் பார்ப்பது. படத்தைப் பார்த்து முற்பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் இரண்டு தடவை போங்கள். ஒன்று பகலில், மற்றது மஃரிபுக்குப் பிறகு. போகும்போது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். தங்கப் போவது அவர்தான். அங்கே இவற்றைக் கவனியுங்கள்:

அறைக் கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா? வெளித் திறப்பு எத்தனை பேரிடம் உள்ளது? குளியலறைக்கு இரவில் எவ்வழியால் போக வேண்டும், அங்கே மின்குமிழ் எரிகிறதா? வீட்டிலுள்ள ஆண்கள் நடமாடும் பகுதியும் பிள்ளைகளின் பகுதியும் வேறாக உள்ளனவா? ஜன்னல்களுக்கெல்லாம் கம்பி அடித்து, இரவில் கேற்றையும் பூட்டினால், தீப்பிடித்தால் வெளியேறும் வழி எது? தண்ணீர் எந்நேரமும் வருமா? சமையலறை பொதுவானது என்றால், ஹலால் உணவுக்குத் தனிச் சட்டி பானை வைக்க இடம் தருவார்களா? சுபஹு தொழுகைக்கு எழுந்து வுழூச் செய்வது மற்றவர்களுக்கு இடைஞ்சலாகுமா? ரமழானில் ஸஹருக்கு அடுப்பு மூட்ட முடியுமா? இவற்றைக் கேட்பது குற்றமல்ல. மரியாதையாகக் கேட்டால் நல்ல வீட்டுக்காரர் மரியாதையாகவே பதில் சொல்வார். கேள்விக்கே சினப்பவரின் வீடு நமக்குப் பொருந்தாது.

பிறகு, அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கும் பிள்ளைகளுடன், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது, மகளைப் பேச விடுங்கள். "இங்க நல்லமா?" என்று கேட்டால் "நல்லம்" என்றுதான் பதில் வரும். "இந்தக் கட்டிலில முன்னம் இருந்தவ ஏன் போனா?" என்று கேட்கச் சொல்லுங்கள். உண்மை அங்கே வெளிவரும்.

நான்காவது, எழுத்து. முற்பணம் எவ்வளவு, விலகும்போது திருப்பித் தருவார்களா, எத்தனை நாள் முன்னறிவித்தல் வேண்டும், மின்சாரக் கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அடையாள அட்டையின் பிரதியைக் கொடுக்கலாம். மூலத்தை யாரிடமும் விட்டுவைக்க வேண்டாம்.

ஐந்தாவது, முதல் நாள். பகலில் போய்ச் சேருங்கள். போன் அணைந்துவிட்டாலும் பயன்பட, தேவையான இலக்கங்களைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள்: வீடு, பக்கத்து ஊர் உறவினர், விடுதிப் பொறுப்பாளர், பொலிஸ் அவசர சேவை 119, அம்புலன்ஸ் 1990, பெண்களுக்கான உதவிச் சேவை 1938.

இவ்வளவும் செய்த பிறகும் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதினேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு நானும் ஒரு பயிற்சிக்காக முதன்முறையாகத் தலைநகருக்குப் போனேன். வாப்பா பகலில் வந்து பார்த்துச் சேர்த்துவிட்டுப் போன அறை அது. இரவில்தான் தெரிந்தது, கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இல்லை. பெட்டியை இழுத்துக் கதவோடு வைத்துவிட்டுப் படுத்தேன். இரண்டு வாரம் அப்படியே. ஒவ்வொரு நாளும் போனில் உம்மா, "எல்லாம் சரியா மகள்?" என்பார். நான், "சரிதான் உம்மா" என்பேன். ஏன் மறைத்தேன்? சொன்னால் வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்கள், படிப்பு நின்றுவிடும் என்ற பயம். கடைசியில் கூட இருந்த ஒரு சகோதரி சொல்லி, ஒரு தச்சர் வந்து சில நிமிடங்களில் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான் வேலை. என்னைப் பதினான்கு இரவுகள் விழிக்க வைத்தது தாழ்ப்பாள் மட்டுமல்ல, என் மௌனமும்தான்.

பெற்றோரே, மகளைப் பஸ் ஏற்றும் முன் ஒரு வாக்குக் கொடுங்கள்: "அங்க ஒரு பிரச்சினை எண்டு நீ சொன்னா, நாங்க இடத்தத்தான் மாத்துவோம், படிப்ப நிப்பாட்ட மாட்டோம்." மாணவிகளே, நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: "சின்ன விசயமா இருந்தாலும் அண்டைக்கே சொல்லுவன்."

கதவுக்குத் தாழ்ப்பாள் பிறகும் போட்டுக்கொள்ளலாம். இந்த வாக்கைப் புறப்படுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும். இன்றிரவு உம்மாவும் மகளுமாக உட்கார்ந்து, மேலேயுள்ள கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் பக்கத்தில் இவ்விரண்டு வாக்குகளும் இருக்கட்டும்.