மருமகனுக்கு: முதல் றேடியோ வாங்கமுதல்

வெள்ளவத்தை

அன்புள்ள மருமகனுக்கு,

ஹாம் றேடியோ பழக விருப்பம், மலிவாக ஒரு பௌஃபெங் கைக்கருவி வாங்கட்டோ என்று கேட்டிருந்தாய். கருவியின் விலையைப் பார்க்கமுதல் நீ இருக்கும் மானிப்பாயின் நிலத்தைப் பார்.

எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. அந்தக் கைக்கருவியின் 2 மீற்றர் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் ஓடி அடிவானத்தோடு நின்றுவிடும். கையில் வைத்துக் கதைத்தால், வீடும் மரமும் மறிக்க, சில கிலோமீற்றர்தான் எட்டும். 30 அடி உயரத்தில் அன்ரெனா கட்டினாலும் அதன் அடிவானம் 12 கிலோமீற்றர் அளவில் முடிந்துவிடும். அந்த வட்டத்துக்குள் ஹாம் லைசென்ஸ் உள்ளவர் ஆராவது இருக்கிறாரா என்று முதலில் விசாரி. ஒருவரும் இல்லையென்றால் மலிவான கருவியும் வீண்செலவுதான்.

சிற்றலையின் கதை வேறு. 40 மீற்றர் அலை மேலெழுந்து அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பிவரும். பகலில் கண்டியும் கொழும்பும் எட்டும். இரவில் கடல் கடக்கும். போர் நடந்த தொண்ணூறுகளில் ஊரில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி பிபிசி தமிழோசை கேட்ட கதையை அம்மாவிடம் கேள். எங்கள் வீடுகளுக்குள் வந்தது சிற்றலைதான். 2004 சுனாமியில் தொலைபேசி செத்துப்போன ஹம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே, ஹாம்காரரின் இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த விக்டர் குணதிலக்கவும் கூட்டாளிகளும் தொடர்பு ஏற்படுத்தியதும் சிற்றலையில்தான்.

ஆனபடியால் முதலில் கேட்கும் கருவி ஒன்று வாங்கு. டெக்சன் பிஎல்-330 போல எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) வசதி உள்ளதாக இருக்கவேண்டும். அது இல்லாவிட்டால் ஹாம்காரரின் பேச்சு தாரா கத்துவதுபோலத்தான் கேட்கும். இரவில் 40 மீற்றர் அலை இருக்கும் 7 மெகாஹேர்ட்சைச் சுற்றிக் கேள். ஆர் எப்படி அழைக்கிறார், எப்போது வாயை மூடுகிறார் என்பதைக் காது பழகட்டும். பக்கத்தில் லைசென்ஸ் பரீட்சைக்கான புத்தகமும் இருக்கட்டும்.

லைசென்ஸ் கைக்கு வரும்வரை அனுப்பும் கருவியைத் தொடாதே. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சையில் தேறவேண்டும். வெளிநாட்டிலிருந்து கருவி இறக்கவும் அவர்களின் அனுமதி வேண்டும். கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவின் பெட்டிக்குள் ஒன்றைப் போட்டு அனுப்பச் சொல்லாதே. தொடக்கநிலை வகுப்பில் எந்த அலைவரிசைக்கு, எவ்வளவு வலுவுக்கு அனுமதி என்று பார்த்தே கருவியைத் தெரிவுசெய். எங்கள் ஊரில் வளவுக்குள் புதுக் கம்பி ஏறினால் நாலு பேர் கேட்பார்கள். லைசென்சின் பிரதியைக் கையோடு வைத்துக்கொண்டு, கிராம சேவகருக்கும் அயலுக்கும் நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு.

பிறகு அன்ரெனா. 40 மீற்றருக்கு ஏறத்தாழ 20 மீற்றர் செப்புக் கம்பி போதும்: நடுவில் வெட்டி, பக்கத்துக்குப் பத்து மீற்றராகப் பிரித்து, வளவுப் பனைகளுக்கு நடுவே கட்டு. வட்டுவரை ஏறத் தேவையில்லை. 30 அடி உயரமே திறம்; அந்த உயரத்தில் அலை மேல்நோக்கிப் போய் நாட்டுக்குள்ளேயே விழும். மின்சாரக் கம்பிப் பக்கம் போகாதே. ஐப்பசி, கார்த்திகை இடிக்காலத்தில் மழை இருட்டமுதலே அன்ரெனா வயரைக் கழற்றிவிடு.

கருவியைக் கடைசியாக வாங்கு. சியேகு ஜி90 20 வாட் தரும், அன்ரெனா ரியூனரும் உள்ளேயே உண்டு, 12 வோல்ற் பற்றரியில் ஓடும். மின்வெட்டு நாளிலும் கதைக்கலாம். 100 வாட் தரும் ஐகொம் ஐசி-7300 திறமான கருவிதான். ஆனால் அதற்கு விலையும் கூட, அனுப்பும்போது பெரிய மின்வழங்கியும் வேண்டும். இரண்டாவது கருவியாக அதை யோசிக்கலாம். பாவித்த கருவி கிடைத்தால், தெரிந்த ஹாம்காரர் ஒருவர் உன் கண்முன் அதில் கதைத்துக் காட்டிய பிறகே காசைக் கொடு.

இந்த மாதம் கேட்கும் கருவியும் புத்தகமும் மட்டும் வாங்கு. பரீட்சைத் திகதி தெரிந்ததும் எழுது. பரீட்சைக்குக் கொழும்பு வந்தால் நிற்க இடமும் சாப்பாடும் என் பொறுப்பு.

அன்புடன்,
மாமா