வலெரியுஸ் என்னும் குலப்பெயர்

அன்புள்ள தம்பிக்கு,

நீ எழுதியனுப்பிய நாடகக் காட்சியில், கிக்கெரோ காலத்து ரோமானியன் ஒருவன் தன் நண்பனை "வலேரியஸ், இங்கே வா" என்று அழைக்கிறான். ஆங்கிலேயர் நாவின் வழியாக நம்மிடம் வந்த இவ்வுச்சரிப்பை, லத்தீன் பயிலும் நீயுமா கைக்கொள்வது? அப்பெயரின் இரண்டாம் அசையில் உள்ளது குறில். அழுத்தம் அதன்மேல் விழுவதால் அது நெடிலாகிவிடாது. ரோமானிய லிபி பொதுவாகக் காட்டாத இப்பேதத்தை நம் லிபி காட்டும். லத்தீன் மொழியில் தமிழுக்கு இலக்கணம் இயற்றிய வீரமாமுனிவரே எகர ஏகாரங்களுக்கு வரிவடிவில் வேற்றுமை வகுத்தவர் என்பதை அறிந்த நாம், 'வலெரியுஸ்' என்றெழுதத் தயங்குவது நியாயமன்று.

இனி, "குலப்பெயரை எவ்வாறு விளிப்பது?" என்ற உன் வினா. 'வலெரீ' என்க, மார்க்குஸ் 'மார்க்கெ' ஆவதைக் கண்டு 'வலெரியெ' என்று எழுதிவிடாதே. ஆனால் 'வலெரியுஸினுடைய' என்னும் பொருளிலும் பழைய லத்தீனில் இதே வடிவந்தான் வழங்கிற்று. அப்படியாயின் கேட்பவன் எதைக்கொண்டு பிரித்தறிந்தான்? கிக்கெரோவின் நண்பரும் மகாபண்டிதருமான நிகிதியுஸ் ஃபிகுலுஸ், ஆறாம் வேற்றுமையில் இரண்டாம் அசையும், விளியில் முதலசையும் உயர்ந்தொலிக்கும் என்று விதித்தார். இதனை நமக்குக் காத்துத் தந்த அவுலுஸ் கெல்லியுஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டினராகிய தம் காலத்தில் அவ்வாறு விளிப்பவன் நகைப்புக்கு ஆளாவான் என்கிறார். ஈற்றயல் குறிலானால் அதற்கு முந்திய அசை அழுத்தம் பெறும் என்ற பொதுவிதிக்கு விளியே கட்டுப்பட்டது. ஆறாம் வேற்றுமையோ எழுவாயின் அழுத்தத்தை விடாது பற்றிநின்றது. பின்னாளில் விளியையும் அவ்வெழுவாயே தன்பால் இழுத்துக்கொண்டது என்பது என் துணிபு. சூத்திரத்தை மட்டும் மனனம் செய்து, மக்கள் அழைத்த குரலைப் பொருட்படுத்தாத உரையாசிரியர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

இக்குலத்தின் பெயரை நான் விரும்பி வாசிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1977-இல் சாத்ரிகும் என்னுமிடத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 500-ஐச் சார்ந்த கல்லொன்றில் அது ஆறாம் வேற்றுமையில் 'வலெஸியொஸியொ' என்று காணப்படுகிறது. இரண்டு உயிர்களுக்கிடையே நின்ற ஸகரம் ரகரமாகத் திரிவதற்கு முந்திய வடிவம் அது; ஈகார ஈறும் அதில் இன்னும் தலைகாட்டவில்லை. நூல்களில் நூறு விதிகள் படித்தாலும் அக்கல் தரும் தெளிவு வராது.

ஆகவே, உன் பாத்திரம் 'வலெரீ' என்று முதலசையை உயர்த்தி அழைக்கட்டும். அவன் நண்பனுடைய தங்கைக்கு நீ சூட்டியுள்ள கற்பனைப் பெயரையும் நீக்கிவிடு. குலப்பெயரின் பெண்பால் வடிவமாகிய 'வலெரியா' என்பதே அக்குடும்பத்துப் பெண்ணுக்குரிய பெயர்.

அன்புடன்,
உன் ஆசிரியன்