பழைய லேப்டாப்பும் புது பாடியும்

இந்த மாதம் கணினிப் பகுதியை எழுதச் சொல்லி சார் என்னிடம் கொடுத்தார். வன்பொருள், மென்பொருள் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். தொட முடிந்தால் வன்பொருள், தொட முடியாவிட்டால் மென்பொருள் என்று எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் மென்பொருளுக்கும் வயசாகும், அதற்கு வயசானால் நன்றாக இருக்கிற வன்பொருளையும் சேர்த்து எடைக்குப் போடப் பார்ப்பார்கள் என்பது எங்கள் வீட்டில் நடந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் வீட்டில் ஒரு லேப்டாப் இருக்கிறது. பெரியம்மா மகள் அக்கா பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது, 2012இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. (அந்தத் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது.) அக்கா கல்யாணமாகிப் போகும்போது எங்களுக்குக் கொடுத்துவிட்டார். பேட்டரி எப்போதோ போய்விட்டது, வயர் சொருகினால்தான் ஓடும். ராம் 2 ஜிபி. அதில் விண்டோஸ் 7 இருந்தது.

உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அதில் ஒரு பக்கத்தைத் திறந்தேன். வெள்ளையாகவே நின்றது. மறுபடி திறந்தால் உங்கள் பிரவுசர் பழையது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. பிரவுசரைப் புதுசாக்கப் போனால் உங்கள் விண்டோஸ் பழையது என்று இன்னொரு வரி. பிரவுசிங் சென்டருக்குப் போனால் பஸ் காசோடு நூறு ரூபாய்க்கு மேல் ஆகும், அம்மாவுக்கு அரை நாள் தறி வேலையும் போகும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்கண்ணு, இதை எடைக்குப் போட்டா முந்நூறு ரூவாயாச்சும் வருமல்ல?” என்றார். “ஒரே ஒரு வாரம் பொறுங்கப்பா” என்று கெஞ்சி வாங்கினேன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஒன்பது நாளில் இருந்தது.

லேப்டாப் கெட்டுப் போகவில்லை. நடந்தது என்னவென்று சார் சொன்னார். விண்டோஸ் 7 வந்தது 2009இல். 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு 2023இல் குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது. 109ஆம் பதிப்புதான் விண்டோஸ் 7க்குக் கடைசி. இணையத்தில் பெரும்பாலான தளங்கள் உலாவியோடு ரகசியக் குறியீட்டில்தான் பேசும். தளத்துக்காரர்கள் பூட்டை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், நம்மிடம் பழைய சாவியே இருந்தால் கதவு திறக்காது. அவ்வளவுதான். இது விண்டோஸ் 7ஓடு முடியவில்லை. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14இல் பொதுவான ஆதரவு முடிந்தது. ஆகவே நிறைய வீடுகளில் இது நடக்கும்.

இனி இயங்குதளம், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம். இதை லாரியை வைத்துச் சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். கம்பெனியில் இருந்து லாரி முழுசாக வருவதில்லை (இப்போது கேபினோடு வருவதும் உண்டு). எஞ்சின், சேஸிஸ், சக்கரம், ஸ்டியரிங் மட்டும் வரும். டிரைவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கூரையே இல்லாமல் வெயிலில் ஓட்டிக்கொண்டு வருவதை பைபாஸில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நாமக்கல் பட்டறைகளில்தான் அதற்கு பாடி கட்டுவார்கள். எங்கள் அப்பா அப்படி ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். ஒரே மாதிரி சேஸிஸில் ஒருவர் முட்டை ஏற்ற பாடி கட்டச் சொல்வார், ஒருவர் டேங்கர் கட்டச் சொல்வார். திருச்செங்கோட்டில் அதே சேஸிஸ் மேல் போர்வெல் ரிக்கைத் தூக்கி வைப்பார்கள்.

லினக்ஸ் என்பது அந்த சேஸிஸ். அதை கெர்னல் என்பார்கள். 1991இல் பின்லாந்து நாட்டில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது கல்லூரி மாணவர் எழுதத் தொடங்கி, வரைபடத்தையே ஊருக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டார். அதன் மேல் யார் வேண்டுமானாலும் பாடி கட்டலாம். டெபியன், உபுண்டு, சூஸே எல்லாம் அப்படிக் கட்டிய வண்டிகள்தான். விண்டோஸில் சேஸிஸும் பாடியும் ஒரே கம்பெனியுடையது, பானெட்டுக்கு சீல் வைத்திருக்கும். ஓட்டலாம், திறந்து பார்க்கக் கூடாது. லினக்ஸ் கஷ்டம், நமக்கு வராது என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். எங்கள் ஆயாகூட தினமும் லினக்ஸ்தான் ஓட்டுகிறது!

இது நம் மாநிலத்துக்குப் புதுசும் இல்லை. 2007 வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தன் கணினிகளில் சூஸே லினக்ஸுக்கு மாறியது. அதே 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அது டெபியன் மேல் கட்டியது. கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினிப் பாடமே லினக்ஸில்தான் படிக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் அக்காவின் லேப்டாப்பிலேயே பாஸ் இருந்தது. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வரும், ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ். இத்தனை வருஷமாக யாரும் இரண்டாவதைத் தொட்டதே இல்லை. நான் தொட்டேன். திறந்தது, ஆனால் அதுவும் 2012ஆம் வருஷத்துச் சரக்கு, அதற்குள் இருந்த உலாவியும் கிழடு. ஒரே வித்தியாசம், இதற்குப் புதுசு காசில்லாமல் கிடைக்கும், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

சார் ஒரு பென் டிரைவில் லுபுண்டு போட்டுக் கொடுத்தார். அது உபுண்டுவின் மெலிந்த தங்கச்சி. லேப்டாப்பில் ஏற்றாமலேயே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றும்போது விண்டோஸை அழித்துவிடவா, பக்கத்தில் வைக்கவா என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நான் முதலில் அக்காவின் கோப்புகளை எல்லாம் வேறு பென் டிரைவில் எடுத்துவைத்துவிட்டு, பக்கத்தில் வை என்று கொடுத்தேன். முக்கால் மணி நேரம் ஆச்சு. கரண்ட் போகக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பேட்டரி இல்லையல்லவா.

வைஃபை எடுக்கவில்லை. போனை கேபிளில் சொருகி, யூஎஸ்பி டெதரிங் கொடுத்ததும் இணையம் வந்தது. விண்ணப்பப் பக்கம் திறந்தது. கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் அனுப்பிவிட்டேன்.

சந்தோஷமாக அக்காவின் கோப்பு ஒன்றைத் திறந்தேன். நெஞ்சே நின்றுவிட்டது. அக்கா தமிழில் எழுதி வைத்தது எல்லாம் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவுமாகக் கிடந்தது. நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து அக்காவுக்கு போன் செய்தேன். “அது பாமினி ஃபான்ட்ல அடிச்சதுடி, ஃபான்ட் இல்லாட்டி அப்படித்தான் தெரியும்” என்றார். பாமினி எழுத்துருவை ஏற்றியதும் எல்லாம் தமிழாகிவிட்டது.

காரணம் இதுதான். கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கிலச் சின்ன ‘எம்’முக்கு எண் 109. பாமினியில் அந்த 109இன் மேல் ‘அ’ படத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் ஒட்டிய படம் கிடையாது, பழைய ‘எம்’தான் தெரியும். யூனிகோடில் அப்படி இல்லை. ‘அ’வுக்கென்றே 2949 என்று தனி எண். உலகத்தில் எந்தக் கணினியிலும் அந்த எண் ‘அ’தான். தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆகவே புதுசாகத் தட்டச்சு படிக்கிறவர்கள் தமிழ்99 விசைப்பலகையில் யூனிகோடாகவே அடியுங்கள். பாமினி அழகாகத்தான் இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை.

இப்போது உலாவிகள். லாரிக் கதை இங்கேயும் உண்டு. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் எல்லாவற்றுக்கும் அடியில் குரோமியம் என்ற ஒரே சேஸிஸ். பயர்பாக்ஸ் மட்டும் கெக்கோ என்ற சொந்த சேஸிஸில் ஓடுகிறது. 2004இல் வந்தது, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த தமிழ் மெனுவும் உண்டு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7காரர்களுக்காக 115ஆம் பதிப்பை மொசில்லா தனியாகச் சில வருஷம் பராமரித்ததும் எனக்குப் பிடித்தது. ஆனால் 2 ஜிபி ராமில் எந்த உலாவியாக இருந்தாலும் மூன்று டேபுக்கு மேல் திறந்தால் இழுக்கும். அதில் பயர்பாக்ஸ் ஒன்றும் உசத்தி இல்லை.

2023இல் நம் ஊர் ஜோஹோ நிறுவனம் ஓர் உலாவி வெளியிட்டது. பெயர் உலா! பெயரைப் பார்த்ததுமே பிடித்துப் போச்சு. இதுவும் குரோமியம் மேல் கட்டியதுதான், இதில் என்ன பெருமை என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நாமக்கல்லில் யாரும் சேஸிஸ் செய்வதில்லை, அதற்காக பாடி நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? ஆனால் அடியில் இருப்பது யார் செய்தது என்று தெரிந்துகொண்டு ஓட்ட வேண்டும்.

எழுத்து வேலைக்கு லிப்ரே ஆபீஸ். இலவசம், நமக்குப் போதும். ஒரு குறை உண்டு. இதில் போட்ட அட்டவணை வேர்டில் திறந்தால் கொஞ்சம் நகர்ந்துவிடும். பிரிண்ட் எடுக்கப் போகும்போது பிடிஎஃப் ஆக மாற்றிக்கொண்டு போங்கள்.

லேப்டாப்பை அப்பா எடைக்குப் போடவில்லை. பட்டறையில் பாடி அளவு எழுத உதவுமா என்று இப்போது கேட்கிறார். கால்க் சொல்லிக் கொடுக்கிறேன் என்றிருக்கிறேன். ஸ்பீக்கரில் மட்டும் இன்னும் சத்தம் வரவில்லை, ஹெட்போன் போட்டால் கேட்கிறது. யாருக்காவது காரணம் தெரிந்தால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லவும். லுபுண்டு பென் டிரைவ் சாரிடம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் மறக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி