டிரெய்லருக்கே கோபமா?

கேள்வி: வரப்போகும் வீடியோ கேமின் டிரெய்லரைப் பார்த்தே ரசிகர்கள் கொதிப்பது நியாயமா?
– ஒரு வாசகர், பாகூர்

பதில்: நியாயம்தான். ‘டிராகன் ஏஜ்’ கேம் வரிசையின் முந்தைய பாகம் வந்தது 2014-ல். பத்தாண்டு காத்திருந்தவர்களுக்கு 2024 ஜூனில் ‘தி வெயில்கார்ட்’ டிரெய்லர் கிடைத்தது. இருண்ட கதைக்குப் பழகியவர்கள் முன்னால் பளபள நிறங்கள், கூட்டாளிகளைப் பெயர் போட்டு அறிமுகம் செய்யும் துள்ளல்! யூடியூபில் எதிர்ப்பு குவிந்தது. இரண்டே நாளில், அதை உருவாக்கிய பயோவேர் நிறுவனம் ஆட்டத்தின் தொடக்கப் பகுதியையே காட்டியது; பலருக்குக் கோபம் தணிந்தது.

நம் நாட்டில் ‘ஆதிபுருஷ்’ பட டீசருக்கும் இதே எதிர்ப்புதான். படம் 2023 ஜனவரியிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போனது.

‘வெயில்கார்ட்’ 2024 அக்டோபர் 31-ல் வெளியானது. அந்தக் காலாண்டில் ஆடியவர்கள் சுமார் 15 லட்சம் பேர். எதிர்பார்த்ததில் ஏறக்குறைய பாதி என்று அதை வெளியிட்ட இ.ஏ. நிறுவனமே அறிவித்தது. முன்பதிவுக்குப் பணம் கட்டும் முன் ஆட்டக் காட்சியைப் பார்த்துவிடுங்கள்.