பேரு வாங்கிக் கடை போடலாமா? கூட்டிப் பார்ப்போம்!



போன மாதம் படப்பையில் குழுக் கூட்டம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் கையில் ஒரு நோட்டீசோடு வந்தார். “மேடம், டீக்கடை பிரான்சைஸ் தர்றாங்களாம். ஒன்றரை லட்சம் போட்டா போதும், மாசம் நாப்பதாயிரம் நிக்கும்னு சொல்றாங்க. செயினை அடகு வச்சிட்டு, மீதிக்கு குழுக் கடன் கேக்கலாம்னு இருக்கேன்” என்றார். அவசரப்பட வேண்டாம், முதலில் கணக்கு போடுவோம் என்று நோட்டை எடுத்தோம். அந்தக் கணக்குதான் இந்த மாதப் பாடம்.

பிரான்சைஸ் என்றால் என்ன?

ஒரு கம்பெனியின் பெயர், போர்டு, தயாரிப்பு முறை எல்லாவற்றையும் பணம் கட்டி வாங்கி, நம் செலவில் கடை நடத்துவது. 2000-ல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் அழகு நிலையம் இப்படித்தான் பல ஊர்களுக்குப் பரவியது. பேரு அவங்களுது. லாபமும் நஷ்டமும் நம்முது.

படி 1: முதல் செலவு (உதாரணக் கணக்கு)

• பிரான்சைஸ் கட்டணம் – ரூ.1,50,000
• அதற்கு ஜி.எஸ்.டி. 18% – ரூ.27,000
• கடை அட்வான்ஸ் – ரூ.50,000
• போர்டு, உள் வேலை – ரூ.80,000
• மெஷின், பாத்திரம் – ரூ.90,000
• முதல் சரக்கு – ரூ.20,000
• லைசென்ஸ், பத்திரச் செலவு – ரூ.8,000
• மூன்று மாதச் செலவுக்குக் கையிருப்பு – ரூ.84,000

மொத்தம் ரூ.5,09,000. நோட்டீசில் போட்டிருந்தது முதல் வரி மட்டும்தான்!

படி 2: மாதச் செலவு

வாடகை 8,000, ஆள் கூலி 10,000, கரண்ட் 3,000, கேஸ் 2,000, ரிப்பேர் மற்றும் சில்லறைச் செலவு 2,000, மூன்று லட்சம் கடனுக்கு 12% வட்டி 3,000. இது வரை 28,000. இதோடு நம் கூலி 9,000. நாள் முழுக்க நிற்கிறோமே, அதை ஏன் விட வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. கட்டணம் திரும்பி வராது. ஒப்பந்தம் மூன்று வருடம் என்றால் அது மாதம் சுமார் 5,000. மெஷினும் உள் வேலையும் ஐந்து வருடம் உழைத்தால் தேய்மானம் மாதம் சுமார் 3,000. கடனின் அசலை இந்த 8,000-ல் இருந்துதான் கட்டியாக வேண்டும். ஆக மாதச் செலவு ரூ.45,000.

படி 3: தினமும் எத்தனை டீ?

100 ரூபாய்க்கு விற்றால் பால், தூள், சர்க்கரை, கப்புக்கு 55 ரூபாய் போகும். கம்பெனிக்கு ராயல்டி 5%, அதன் மேல் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து சுமார் 6 ரூபாய். நம் கையில் நிற்பது 39 ரூபாய்.

45,000-ஐ 39-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாத விற்பனை சுமார் 1,15,400 வர வேண்டும். ஒரு நாளைக்கு சுமார் 3,850. டீ 15 ரூபாய் என்றால் தினம் 257 டீ. இது நஷ்டமில்லாமல் நிற்க மட்டும்தான்.

நம் கூலியையும் சேர்த்து அவர்கள் சொன்ன 40,000 வர வேண்டுமென்றால் தினம் 433 டீ விற்க வேண்டும். 12 மணி நேரக் கடையில் மணிக்கு 36 டீ!

படி 4: பேரு இல்லாமல் போட்டால்?

அதே கடையை நம் சொந்தப் பேரில் போட்டால் கட்டணமும் ராயல்டியும் இல்லை. அப்போது தினம் 198 டீ விற்றாலே போதும். அப்படியானால் அந்தப் பேரு தினமும் 60 டீயாவது கூடுதலாக விற்றுத் தர வேண்டும். தருமா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

ராயல்டி இல்லை என்றாலும் கவனம் வேண்டும். அமுல் கடைக்கு ராயல்டி கிடையாது. ஆனால் அவர்கள் வெளியிட்ட கணக்கில் பால் பாக்கெட்டுக்குக் கமிஷன் 2.5%, பால் பொருளுக்கு 10%, ஐஸ்கிரீமுக்கு 20%. பால் பாக்கெட் மட்டும் விற்றால் 100 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய்தான். அமுல் பேரிலேயே போலி இணையதளங்கள் பணம் பறித்ததும் உண்டு.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவில் கையெழுத்துக்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாள் முன்பே எல்லா விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருட ஒப்பந்தச் சட்டம்தான். அதனால் அந்த 14 நாளை நாமே கேட்டு வாங்க வேண்டும். ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடை நடத்தும் இரண்டு பேரை நேரில் பாருங்கள். டோக்கன் அட்வான்ஸ் என்று ரொக்கம் கொடுக்காதீர்கள்.

நம் உறுப்பினர் இரண்டு நாள், ஒரு வேலை நாளும் ஒரு ஞாயிறும், ஒரகடம் ரோட்டில் ஒரு டீக்கடை எதிரே உட்கார்ந்து எண்ணினார். ஷிப்ட் பஸ் வரும் நேரத்தில் கூட்டம், மற்ற நேரம் காலி. ஞாயிறன்று பாதிகூட இல்லை. “எண்ணாம போயிருந்தா செயினு போயிருக்கும் மேடம்” என்றார். செயின் இன்னும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது.

குழுவில் செய்து பாருங்கள்: வாடகை 12,000 ஆனால் தினம் எத்தனை டீ விற்க வேண்டும்? அடுத்த கூட்டத்தில் போர்டில் எழுதிக் கணக்கு போடுங்கள். ஊக்குநர் மட்டும் போடக் கூடாது, எல்லோரும் போட வேண்டும்!