இரண்டு புத்தாண்டும் ஒரு படமும்

சித்தூர்ப் பக்கத்துத் தமிழர் வீட்டிற்கு ஆண்டு இரண்டு முறை பிறக்கும். பங்குனி அமாவாசை கழிந்ததும் யுகாதி. அன்று பக்கத்து வீட்டிலிருந்து வேப்பம்பூப் பச்சடி வரும். பின்னர் சித்திரைப் பிறப்பு. அன்று நம் வீட்டுக் கிண்ணம் அங்கே போகும். ஆண்டின் பெயரோ இரண்டிற்கும் ஒன்றே. இந்த இரட்டைப் பிறப்பைப் பஞ்சாங்கக்காரர் அறிந்ததுபோல் படக்காரரும் ஒரு காலத்தில் அறிந்திருந்தனர். அதனால் நம் போன்ற மாணவர்க்கு ஒரு மொழிப்பாடம் கிடைத்திருக்கிறது. அதைப் பற்றியே ஈண்டு எழுதுகிறேன்.

1957ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். விஜயா நிறுவனத்தாரின் ‘மாயாபஜார்’ தெலுங்கில் 27-3-1957 அன்று வெளிவந்தது. ஏவிளம்பி யுகாதிக்கு அப்போது சில நாட்களே இருந்தன. அதே படம் தமிழில் 12-4-1957 அன்று, சித்திரைப் பிறப்பை ஒட்டி வந்தது. இரண்டாண்டு முன்னரும் இவ்வாறே நடந்தது. 1955 ஜனவரி 12இல் தெலுங்கு ‘மிஸ்ஸம்மா’. 14இல், பொங்கலன்று, தமிழ் ‘மிஸ்ஸியம்மா’. பண்டிகைக்குத்தான் குடியானவன் கையிலும் தொழிலாளி கையிலும் நாலு காசு புழங்கும். புதுத் துணி உடுத்திய குடும்பம் அன்றுதான் கொட்டகைக்குப் புறப்படும். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது எல்லாரும் அறிந்த கதை. 1945 தீபாவளிக்கு ‘மீரா’ வந்தது. அதில் இராணாவாக நடித்த நாகையா குண்டூர்ப் பக்கம் பிறந்தவர். சித்தூர் இராமவிலாச சபை நாடகங்களில் நடித்ததால் நம் ஊர்ப் பெயர் அவருக்கு ஒட்டிக்கொண்டது. தெலுங்கர் ஒருவர் சித்தூரின் பெயரைத் தாங்கித் தமிழ்ப் படத்தில் நடித்தது அன்று யாருக்கும் வியப்பாயில்லை. இம்மாவட்டம் 1911இல் அமைந்தது முதல் 1953இல் ஆந்திர மாநிலம் பிரியும் வரை சென்னை ஆட்சியில்தானே இருந்தது!

நிற்க. மாயாபஜாரின் தமிழ் வடிவம் குரல் மாற்றி ஒட்டிய படமன்று. சென்னை வடபழனியில் ஒரே அரங்கில், கே. வி. ரெட்டி இயக்க, இரு மொழியிலும் தனித்தனியே எடுத்தார்கள். கிருஷ்ணனாக என். டி. ராமராவ், கடோற்கஜனாக எஸ். வி. ரங்காராவ், கதாநாயகியாகச் சாவித்திரி; இம்மூவரும் இரண்டிலும் உண்டு. மற்றவர் சிலர் மாறினர். அபிமன்யு தெலுங்கில் நாகேசுவரராவ், தமிழில் ஜெமினி கணேசன். சகுனி அங்கே சி. எஸ். ஆர்., இங்கே நம்பியார். இலக்கணகுமாரன் அங்கே ரேலங்கி, இங்கே தங்கவேலு. பெண்ணின் பெயரே மாறிற்று. அங்கே சசிரேகை, இங்கே வத்சலை. வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. நாட்டுப்புறக் கதை ஆதலால் ஊருக்கு ஒரு பெயர் பொருந்தியது. பாரதக் கதை என்கிறோம். ஆனால் படம் முழுதும் தேடினும் பாண்டவர் ஐவரில் ஒருவரையும் காணோம்!

2010இல் தெலுங்கு மாயாபஜாருக்கு வண்ணம் ஏற்றி மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது சிறுவன். என் ஆயாவுடன் திருப்பதியில் அதைப் பார்த்தேன். ஆயா வேலூர்ப் பெண். பன்னிரண்டு வயதில் தமிழ்ப் படத்தைப் பார்த்தவர். இலக்கணகுமாரன் வந்ததும், “தங்கவேலு எங்கடா?” என்று உரக்கக் கேட்டுவிட்டார். முன் வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதன்பின் எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். தெலுங்கில் அவருக்கு விளங்காததை நான் காதில் சொல்வேன். அதே இடத்தில் தமிழில் என்ன பேசினார்கள் என்பதை அவர் சொல்வார். ஐம்பத்து மூன்று ஆண்டு கழித்தும் வசனம் அவருக்கு மறக்கவில்லை.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆயாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும் தெரியும். எனக்கு அப்போது தெலுங்கு எழுத்து மட்டும் தெரியும். ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது. இம்மன்றத்தில் பாதிப்பேர் வீட்டு நிலை இதுவே என்று எண்ணுகிறேன். பேச்சுத் தமிழ் வீட்டில் கிடைத்துவிடும். வீட்டில் கிடைக்காத தமிழ், அரண்மனையில் பேசும் தமிழ், நையாண்டித் தமிழ் ஆகியவை காதில் விழ எங்களுக்கு இருந்த வழி படம்தான்.

அன்று நான் கண்டவற்றுள் சில சொல்கிறேன். தெலுங்கு வசனம் பிங்களி நாகேந்திரராவ். அரக்கர் வாயில் அகராதியில் இல்லாத சொற்களை அவரே படைத்து வைத்தார். அவை வரும்போது கொட்டகை குலுங்கிற்று. அவற்றை மொழிபெயர்த்தால் பாழ். தமிழில் எழுதிய தஞ்சை இராமையாதாஸோ பொருளற்ற ஒலிகளைக் கொண்டே பாட்டில் விளையாடிப் பெயர் பெற்றவர். அவர் தம் வழியில் சிரிக்க வைத்தார். புளிச்சகீரைக்குத் தெலுங்கில் ஒரு புகழ்ச்சி நடக்கிறது. துவாரகைக் கதையில் ஆந்திரக் கீரைக்கு என்ன வேலை என்று ஒருவரும் கேட்கவில்லை, சிரித்தார்கள். இத்தகைய இடத்தில் மொழிபெயர்ப்பாளன் சொல்லைத் தேடிப் பயனில்லை, அந்த ஊர்ச் சமையலறையைத்தான் தேட வேண்டும். சாவித்திரியின் மாய சசிரேகைக்கோ மொழியே தேவையில்லை. பெண்ணுடலுக்குள் அரக்கன் நடக்கும் நடை அது; ஆயாவும் முன் வரிசைக்காரரும் ஒரே நொடியில் சிரித்த காட்சி அஃது ஒன்றே.

வண்ணம் பூசியது எனக்கு உவப்பாயில்லை. மார்க்கஸ் பார்ட்லி கருப்பு வெள்ளையில் படைத்த நிலவொளி, படகுக் காட்சியில் நீலச்சாயம் தோய்த்தது போலாயிற்று. ஆயாவுக்கோ வண்ணம் மிகவும் பிடித்தது.

வேறு படங்களும் உண்டு. ‘ஸ்ரீவேங்கடேசுவர மகாத்மியம்’ 9-1-1960 அன்று, சங்கராந்தியை ஒட்டி வந்தபோது பல கொட்டகைகளில் பெருமாள் திருவுருவம் வைத்து உண்டியலும் வைத்தார்கள். 1964 பொங்கலுக்கு வந்த ‘கர்ணன்’ 2012இல் புதுப்பிக்கப்பட்டு மறுபடி வந்தது. அதில் கிருஷ்ணன் மாயாபஜார்க் கிருஷ்ணனே, ராமராவே. ஆயினும் இரு மொழிப் பயிற்சிக்கு மாயாபஜார் போல் வேறொன்றை நான் காணவில்லை.

ஆகவே மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். வரும் பொங்கல் விடுமுறைக்கு முன் அடுத்தடுத்த இரு மாலைகளில் இரண்டு வடிவங்களையும் பெருந்திரையில் காட்ட ஏற்பாடு செய்யுங்கள். முதல் நாள் தெலுங்கு, மறுநாள் தமிழ். தனித்தனியே கைப்பேசியில் பார்த்தால் இப்பயிற்சி நடவாது. பக்கத்தில் இருப்பவர் எங்கே சிரித்தார், எங்கே சும்மா இருந்தார் என்பதே நமக்கு வேண்டிய குறிப்பு. வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். அவர்களை முன்னால் அமர்த்தாமல் நம் நடுவே அமர்த்துங்கள். ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு வரலாம்; அவர்கள் சொல்லும் தமிழ் வசனத்தை எழுத்துத் தெரிந்தவர் தமிழிலும், தெரியாதவர் இப்போதைக்குத் தெலுங்கு எழுத்திலும் குறித்துக்கொள்ளட்டும்.