பக்கவாதம் வந்த பெரியவருக்கு வீட்டுக் கவனிப்பு
(கணவன், மனைவி இருவரும் படிக்க வேண்டியது)



ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் பார்த்து வந்தபோது, திண்ணையில் ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மருமகள் சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"இடது கை நல்லாத்தானே இருக்கு? தாத்தாவே சாப்பிடலாமே?" என்று கேட்டேன்.

"பீச்சாங்கையால சோறு திங்கச் சொல்றதாங்க சார்? ஊரு என்ன பேசும்? மாமாவுக்கு ஒரு கஷ்டமும் வேணாம்னு எல்லாம் நானே செஞ்சிடுறேன்."

அதற்குள் மகன் வந்தார். அப்பாவை உள்ளே கூட்டிப்போக, விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். பெரியவர் "ஐயோ" என்று அலறிவிட்டார்.

அந்த வீட்டில் பாசத்துக்குக் குறைவில்லை. முறைதான் தெரியவில்லை. அந்த முறையை இங்கே பார்ப்போம்.

பக்கவாதம் என்றால் என்ன?

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, மூளையின் ஒரு பகுதி கெட்டுவிடுகிறது. இடது மூளை கெட்டால் வலது கை கால் விழும். பலருக்குப் பேச்சும் போகும். இது காற்று, கருப்பு, செய்வினை அல்ல.

கெட்ட பகுதியின் வேலையை மூளையின் மற்றப் பகுதிகள் கற்றுக்கொள்ள முடியும். ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்கும். முதல் 3 மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் மெதுவாகத் தொடரும். எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் மூளை எதைக் கற்கும்? ஆகவே, அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும். நேரமானாலும் பொறுத்திருங்கள். இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவதில் குற்றமில்லை.

சாப்பாடு

விழுங்கும் சக்தி குறைந்திருந்தால் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம்.

1. படுத்தபடி எதுவும் கொடுக்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தலையைச் சற்றே குனியச் சொல்லுங்கள்.
2. சிறு சிறு வாயாக, நல்ல பக்கத்துக் கன்னத்தில் கொடுங்கள். ஒரு வாய் இறங்கிய பிறகே மறு வாய்.
3. சாப்பிட்ட பின் கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வாய் கொப்பளித்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.
4. தண்ணீர் குடிக்கும்போது புரையேறினாலோ குரல் கரகரத்தாலோ உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

தூக்குவதும் நடத்துவதும்

விழுந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள். தோள் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் வலிக்கும். இடுப்பில் தடித்த துண்டைக் கட்டி, அதைப் பிடித்துத் தாங்குங்கள். உட்காரும்போது அந்தக் கைக்குக் கீழே தலையணை வையுங்கள். நடக்கும்போது நீங்கள் நிற்க வேண்டியது வலுவில்லாத பக்கம். கைத்தடி இருக்க வேண்டியது நல்ல கையில்.

படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலுவில்லாத கால் முதலில்.

சட்டை போடும்போது விழுந்த கை முதலில். கழற்றும்போது நல்ல கை முதலில்.

படுக்கைப் புண்

தானாகப் புரள முடியாதவரை 2 மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள். இரவிலும்தான், கணவனும் மனைவியும் முறை வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றுக் கட்டில் குழி விழும்; பலகைக் கட்டிலில் மெத்தை நல்லது. குளிப்பாட்டும்போது முதுகின் அடி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள், அந்த இடம் அழுந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவை

புறா ரத்தம் தேய்ப்பதால் பயனில்லை. கொதிக்கும் எண்ணெயும் சூட்டு ஒத்தடமும் ஆபத்து. உணர்ச்சி இல்லாத தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது.

"இப்பத்தான் நல்லாயிட்டாரே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் ஏறினால் வலிக்காது, சொல்லாது. மறுபடி பக்கவாதத்தைக் கொண்டுவரும். பீடி, புகையிலை அறவே வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்க வேண்டும்.

மனசும் ஒரு மருந்து

பேச்சு வராதவருக்குப் புத்தி போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நாம் பேசுவது பலருக்குப் புரியும். "ஆமாவா, இல்லையா" என்று தலையசைக்கும்படி கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். அவர் எதிரில் "எத்தனை நாளைக்கு இந்தப் பாடு" என்று பேசவே வேண்டாம். அடிக்கடி அழுதாலோ, யாரோடும் ஒட்டாமல் இருந்தாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

கணவருக்கு ஒரு வார்த்தை

"அதெல்லாம் பொம்பளைங்க வேலை" என்று ஒதுங்காதீர்கள். மருமகள் கையால் குளிக்கவும் மலஜலம் கழிக்கவும் மாமனார் கூசுவார், கூசி அடக்கிக்கொள்வார். அந்த வேலை மகனுடையது. மனைவிக்கு இடுப்பு ஒடிந்தால் அப்புறம் இருவரையும் யார் பார்ப்பது?

உதவி எங்கே?

2021-ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். பிசியோதெரபிக்கும் வழி உண்டு. உங்கள் பகுதி நர்ஸம்மாவிடம் பெயர் கொடுங்கள்.

மறுபடி வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எப்போது தொடங்கியது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

சில மாதம் கழித்து அந்தத் திண்ணைக்கு மறுபடி போனேன். தாத்தா இன்னும் தடியில்லாமல் நடக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையால் ஸ்பூன் பிடித்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். விழுந்திருந்த வலது கை கிண்ணத்தை நகராமல் அணைத்துப் பிடித்திருந்தது. அப்பாவைக் குளிப்பாட்ட மகன் வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார்.

"பாதி சிந்துதுங்க சார்," என்றார் மருமகள் சிரித்துக்கொண்டே. "சிந்துனா தொடச்சிக்கலாம்."